கண்டக்டருக்கு ஒரு கூண்டு

என் கணவர் கோழிகளோடு பேசுவார், என்னோடு பேசமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு தையல்காரி எதற்காகக் கத்தரியை வைத்துவிட்டுச் சுத்தியலைத் தூக்கினாள், எதற்காக ஊரான் போட்டுவிட்டுப் போன பழைய கோழிக்கூண்டுக்குள் தவழ்ந்தாள் என்று யாருக்கும் புரியாது.

அவர் டவுன் பஸ் ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், வாயில். யார் எந்த நிறுத்தத்தில் ஏறினார், யார் தூங்கிப்போய் இறங்க மறந்தார், எல்லாம் நடித்துக் காட்டுவார். நான் மிஷினை மிதித்துக்கொண்டே, "கொஞ்ச நேரம் வாய மூடுங்களேன், தையல் கோணிக்கிட்டுப் போகுது" என்பேன். என் வாயில் கொள்ளிதான் வைக்க வேண்டும். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒரே காலையில் வாரிக்கொண்டு போய்விட்டது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அட்டைப்பெட்டியில் மூன்று குஞ்சுகளை வாங்கி வந்திருந்தார். பின்னாலேயே வந்து கத்திக்கொண்டிருந்ததற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தார். எல்லாப் பாத்திரத்துக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்ததற்குச் செக்கர். எந்த வேலையும் செய்யாமல் அடுத்தவர் கிளறியதைத் தின்ற மூன்றாவதற்கு ஓசி. "ஓசி டிக்கெட்டு இல்லாத பஸ் உண்டாடி?" என்று சிரித்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவை பின்னறையில் என் துணிமூட்டைகளுக்கு நடுவில் தாமாக வளர்ந்தன. யார் அவற்றைக் கவனித்தார்கள்?

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் பேசவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒருநாள் நான் சமையலறையில் இருந்தபோது பின்னறையிலிருந்து, "பா… பா… பா…" என்று குரல் கேட்டது. கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டது. ஓடினேன். கண்டக்டர் கட்டிலில் ஏறி அவர் மடியில் நின்றது. "பா, பா. வா. தின்னு" என்று இடது கையால் அதற்குப் பொரியை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். "என்னங்க, என்னப் பாருங்க. நான் யாரு? என்னக் கூப்பிடுங்க."

உதடு துடித்தது. தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வார்த்தை வரவில்லை. வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு கோழிக்கு இருக்கிற கொடுப்பினை எனக்கு இல்லை என்று அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யோசிச்சுப் பேசுற பேச்சு வேறம்மா, தானா வாயில வர்ற பேச்சு வேற. தானா வர்றது உயிரோட இருக்கு. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்ததுக்குப் போகணும். என்ன ஆனாலும் அந்தக் கோழிகள மட்டும் எங்கயும் அனுப்பிடாதீங்க."

அனுப்பமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்தால் வாசலிலேயே மாடியம்மா நிற்கிறார். வீடு அவருடையது. மேலே அவர், கீழே நாங்கள். கெட்ட மனுஷி இல்லை, ஆனால் மூக்கு ரொம்ப நல்ல மூக்கு.

"இங்க பாரும்மா, அவருக்கு உடம்பு சரியில்லனு இத்தன நாள் பொறுத்துப் போனேன். வீட்டுக்குள்ள கோழி வளத்தா நாத்தம் மாடிக்கு வருது. யாருக்காவது குடுத்துடு. இல்லையா, பின்னால ஒரு கூண்டு கெடக்கே, முன்ன இருந்தவங்க போட்டுட்டுப் போனது, அதுல விட்டுக்கோ. இந்த வாரத்துக்குள்ள பாத்துக்கோ."

அந்தக் கூண்டை அதுவரைக்கும் நான் துணி காயப்போடுகிற கொடிக்கு ஒரு பக்கத்துத் தூணாகத்தான் பார்த்திருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். கூரைத் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. அடிப்பலகையில் விரலை வைத்தேன், விரல் அந்தப் பக்கம் வந்துவிட்டது. உள்ளே பழைய எச்சம் காய்ந்து கல்லாகி இருந்தது. தட்டிவிட்டதும் கண்ணுக்குத் தெரியாத பேன் கூட்டம் கையில் ஏறிப் பிடுங்கித் தள்ளியது. குளித்துவிட்டு வந்தும் சொறிந்துகொண்டே இருந்தேன்.

கொழுந்தனுக்குப் போன் செய்தேன். "கூண்டுதான அண்ணி, இதெல்லாம் ஒரு வேலையா? ஞாயித்துக்கெழம வந்து ஒரு கை பாத்துடுறேன்" என்றான். அவன் ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலண்டரில் வரும் என்று எனக்குத் தெரியும். தெருமுனைத் தச்சரைக் கூட்டி வந்து காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார், காலால் ஒரு தட்டு தட்டினார், "இத விறகுக்குப் போடலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரி, நானாச்சு இந்தக் கூண்டாச்சு என்று சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினேன்.

எனக்கு ஆணி என்றால் காலண்டர் மாட்டத் தெரியும், அவ்வளவுதான். இரும்புக்கடையில் போய்க் கம்பிவலை கேட்டேன்.

"எந்த சைசும்மா?"

"கோழி சைசு."

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கோழித் தலை வெளியே வராத அளவுக்குப் பார்த்து வாங்கி வந்தேன். அளவெடுக்கத் தெரியாதவளா நான்? நாள் முழுக்க அதுதானே செய்கிறேன். அந்தத் திமிரில் பலகைகளை டேப்பால் அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் தையலுக்கு விடுகிற மாதிரி இரண்டு விரல் கூட விட்டு அறுத்தேன். துணி என்றால் உள்ளே மடித்துவிடலாம். பலகையை எங்கே மடிப்பது? ஒன்றும் பொருந்தவில்லை. மறுபடி அறுத்தேன். இந்த முறை ஒன்று குட்டையாகிவிட்டது. சுத்தியல் ஆணியை விட்டுவிட்டு என் கட்டைவிரலைத்தான் தேடித் தேடி வந்தது. விரல் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது.

அவர் பின்னறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பழைய ஆளாக இருந்தால் என்னை ஓட்டு ஓட்டு என்று ஓட்டியிருப்பார். "ஏதாவது சொல்லுங்களேன், கேலியாவது பண்ணுங்க" என்று கத்துவேன். கண் மட்டும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. எனக்கு ஒரு வார்த்தை வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, என்னைப் பார்த்து, எனக்கென்று. அதற்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

எப்படியோ பழைய தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் போட்டு, அடிப்பலகை மாற்றி, வலை அடித்து முடித்தேன். ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. சாயங்காலம் மூன்றையும் உள்ளே விட்டேன். அவர் ஜன்னலிலிருந்து "பா, பா, வா" என்றார். கண்டக்டர் வலை வழியாகப் பதில் சொன்னது. அன்றைக்குக் கொஞ்சம் நன்றாகத் தூங்கினேன்.

விடிந்தும் விடியாமலும் அவர் அலறல் கேட்டது. வார்த்தை இல்லாத வெறும் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் மதில் பூனை ஒன்று வலைக்குள் கையை விட்டுக் கண்டக்டரின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. விளக்குமாற்றால் விரட்டினேன். வால் பக்கம் இறகு பிய்ந்து ரத்தம். கோழி வெளியே வராத ஓட்டையைப் பார்த்த நான், பூனை உள்ளே கை விடுகிற ஓட்டையைப் பார்க்கவில்லை.

அன்று முழுவதும் அவர் கோழியிடம்கூடப் பேசவில்லை. கண்டக்டரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பொரியை நீட்டினார், "தின்னு" சொல்லவில்லை. நான் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறேன், காது மட்டும் பின்னறையில். ஒன்றும் இல்லை. இருந்த நாலு வார்த்தையையும் நானே போக்கடித்துவிட்டேனா என்று, தைத்த தையல்மேலேயே மறுபடி தைத்துக்கொண்டிருந்தேன். மாடியம்மா படியில் நின்று, "நான் சொல்றதக் கேளு, யாருக்காவது குடுத்துடு" என்றார். அவர் காலில் விழாத குறையாக இன்னும் சில நாள் கேட்டேன்.

அப்போது வீட்டில் பள்ளிக்கூட மழைக்கோட்டு ஆர்டர் இருந்தது. ரப்பர் பூச்சுப் பூசிய கெட்டித் துணி, தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. வெட்டியது போக மிச்சம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் விளக்கெரிந்தது. இது என் தொழில். இதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

கூண்டுக்கு லைனிங் வைத்தேன். ஆமாம், கோட்டுக்கு வைக்கிற மாதிரியே. நான்கு பக்கமும், மேலேயும், வலைக்கு உள்பக்கமாக இரட்டைத் துணி. மூலைகளில் மடித்துத் தைத்தேன். பலகை இடுக்குகளில் துணியைச் சுருட்டி அடைத்தேன். கதவு விளிம்பில் பட்டையாக மடிப்பு கொடுத்தேன், மூடினால் கோட்டின் முன்பக்கம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்ளும். பூனை தட்டித் திறந்துவிடக்கூடாது என்று தாழ்ப்பாளும் கெட்டியாகப் போட்டேன். ஒரு கையால் கதவை அழுத்திப் பிடித்து, மறு கையால் இழுத்தால்தான் வரும்.

முடித்ததும் நானே உள்ளே தவழ்ந்துபோய்க் கதவைச் சாத்தச் சொல்லிப் பார்த்தேன். மாடியம்மாதான் சாத்தினார். ஊசிமுனை வெளிச்சம் இல்லை. எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. இருட்டுக்குள் உட்கார்ந்து, இனி ஒரு எறும்பு நுழையட்டும் பார்க்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. வேர்த்துக் கொட்டியது. வேலை செய்த வேர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

"கோழிக்குக் கோட்டு தச்ச மொத ஆளு நீதாம்மா" என்றார் மாடியம்மா. அவருக்கும் பெருமைதான்.

பூனை வந்தது, சுற்றிச் சுற்றிப் பார்த்தது, போய்விட்டது. அவருக்குப் பேச்சு திரும்பியது. காலையில் நான் கதவைத் திறந்துவிட்டதும் கண்டக்டர் ஜன்னலுக்கடியில் ஓடிவரும், அவர் "பா, பா, வா" என்பார். ஒருநாள் "ஏய்" என்றுகூடச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். செக்கரைத்தான். பரவாயில்லை, இன்றைக்குச் செக்கர், நாளைக்கு நான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காலையில் திறக்கும்போதெல்லாம் லைனிங் முழுக்க முத்து முத்தாய் ஈரம் கோத்திருக்கும், கண் எரிகிற மாதிரி ஒரு நெடி அடிக்கும். பழைய துணியால் துடைத்துவிட்டு, கோழி என்றால் நாறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். வெளியிலிருந்து வருவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வெளியே போக வேண்டியது ஒன்று இருக்கிறது என்று என் மண்டைக்கு உறைக்கவில்லை. மழைக்கோட்டு தைத்த கைக்கு அடைக்கத்தான் தெரியும்.

மழைக்கோட்டுகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. காலையில் மூட்டையைக் கட்டிவிட்டுப் பின்னால் போனேன். பூனை மதில்மேல் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தது. நான் இல்லாத நேரத்தில் கோழிகள் வெளியே திரிந்தால் அதற்கு விருந்துதான். உள்ளேயே இருக்கட்டும், போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடலாம் என்று தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தேன், தண்ணீர் வைத்தேன். மாடியம்மாவும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் விடவில்லை. ஒவ்வொரு கோட்டாக விரித்து, பொத்தானை இழுத்து, தொப்பியைப் பிரித்துப் பார்த்தார்கள். வெளியே வெயில் ஏறிக்கொண்டே போனது. அந்த வெயிலில் எனக்கு என் தலைதான் நினைவுக்கு வந்தது, தகரக் கூரை வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தேன். தண்ணீர்ச் சொம்பு உருண்டு கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. "என்னங்க" என்று கத்திக்கொண்டு ஓடினேன். படியில் ரத்தம். மண்ணில் யாரோ மூட்டையை இழுத்துக்கொண்டு போன மாதிரி தடம்.

கூண்டின் அடியில் கிடந்தார். கன்னமெல்லாம் மண். அந்த ஒற்றைக் கையால் தன்னையே இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். தாழ்ப்பாளில் இழுபட்ட ரத்தக்கறை. அழுத்த ஒரு கை, இழுக்க ஒரு கை வேண்டும் என்று நான் போட்ட தாழ்ப்பாள். அது வரவில்லை என்றதும் வலைக்குள் விரலை விட்டு லைனிங்கைக் கிழித்திருக்கிறார். நகம் பிய்ந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல். நான் இரட்டைத் தையல் போட்டிருந்தேன், அதற்குமேல் கிழியவில்லை. அந்தக் கிழிசலில் ஒரு அலகு, திறந்தபடி, ஹக் ஹக்கென்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாளை இழுத்தேன். அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. ஓசி தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. கிழிசலில் அலகை வைத்திருந்த செக்கரை நான்தான் தூக்கி வெளியே போட்டேன். கையை விட்டுத் துழாவினேன். மூலையில், லைனிங் மடிப்போடு ஒட்டிக்கொண்டு, கண்டக்டர் கிடந்தது. இன்னும் சூடாக இருந்தது. கழுத்து என் விரலுக்கு நடுவே துவண்டு தொங்கியது.

அவர் இடது கையை நீட்டினார். கொடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கொடுத்தேன். மண்ணில் கிடந்தபடியே அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "பா, பா" என்றார். "வா." உலுக்கினார். "வா. வா. தின்னு." அவருக்குத் தெரிந்த வார்த்தை அத்தனையையும் சொல்லிப் பார்த்தார். அப்புறம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உதடு துடித்தது, தொண்டை ஏறி இறங்கியது. எப்போதும்போல மூடிக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன்.

"பாவி" என்றார்.

தெளிவாக, முழுசாக, என் கண்ணைப் பார்த்து. பழைய குரல். பஸ்ஸின் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற அதே குரல்.

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. எத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, அது துக்கமா சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் பக்கத்தில் மண்ணிலேயே விழுந்தேன். "ஆமாங்க, பாவிதாங்க நான். நல்லாப் பாத்துக்கணும்னுதாங்க அடச்சேன். திட்டுங்க. இன்னொரு தடவ சொல்லுங்க. என்ன வேணா சொல்லுங்க, என்னப் பாத்துச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார். செக்கரும் ஓசியும் இறக்கையை விரித்துப்போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் தண்ணீர் தெளித்தேன். அவரைத் தூக்க முடியாமல் தூக்கி, நிழலுக்கு இழுத்து வந்து, முட்டியைக் கழுவிவிட்டேன். கழுவும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்டக்டரை அவர் கையிலிருந்து வாங்க மாடியம்மாதான் வரவேண்டியிருந்தது. வந்தவர் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு என் கணவர் என்னிடமும் பேசவில்லை, கோழிகளிடமும் பேசவில்லை. வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் படுத்தேன்.

காலையில் கத்தரியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். அந்த லைனிங்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கண்ணில் நீர் மறைக்க, கையில் கிடைத்த இடத்தில் குத்தினேன். கீழே, அடிப்பலகைக்குப் பக்கத்தில், சதுரமாக வெட்ட ஆரம்பித்தேன்.

"பாவி."

பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஓசி. முகம் வீங்கியிருந்தது, கோபம் இன்னும் அப்படியே இருந்தது. இடது கையைத் தூக்கி, கூரைக்கு அடியில் காட்டினார்.

"இங்கயா?" என்று நடுவில் கை வைத்துக் கேட்டேன்.

"பாவி" என்றார், எரிச்சலாக. கை இன்னும் மேலே போனது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். தகரத்துக்குக் கீழே, சூடெல்லாம் ஏறித் தேங்குகிற, அவர் காட்டிய இடத்தில் கத்தரியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். வெட்டினேன்.